மேல்வரம்பும் கீழ்வரம்பும்

சென்ற வாரம் இலக்கண பாடம் முடித்து எழுந்தபோது, மேல்வகுப்பு மாணவனொருவன் என்னை அணுகி, “ஐயா, சம்பளம் இதற்கு மேல் போகக்கூடாது என்றும் சட்டம் போடுவார்களா?” என வினவினான். அட்டனை அடுத்த தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் தாயின் மகன் அவன். மாலையானால் பந்தின் பின்னே ஓடுபவன். சம்பளத்திற்குக் கீழ்வரம்பு வேண்டிப் பெரியோர் போராடுவதையே கண்டு வளர்ந்தவனுக்கு, மேல்வரம்பு என்னும் சொல் விந்தையாகப் பட்டதில் வியப்பில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபா என்றும், 2024 இல் 1350 ரூபா என்றும் வரையறுக்கப்படுவதற்குள் எத்தனை பேச்சுவார்த்தைகள், எத்தனை வழக்குகள்!

அவன் படித்த செய்தி இந்திய உதைபந்தாட்டம் பற்றியது. இந்தியன் சுப்பர் லீக் போட்டியில், ஒரு கழகம் தன் வீரர் அனைவருக்குமாகச் செலவிடத்தக்க சம்பளத்திற்கு உச்சவரம்பு வகுத்தார்கள். 2021–22 பருவத்தில் அது 16.5 கோடி இந்திய ரூபா. பணம் மிக்க கழகம் நல்ல வீரர் எல்லாரையும் வாங்கிக் குவித்துவிடாதிருத்தலும், பணம் குறைந்த கழகம் போட்டி போட்டுச் செலவிட்டு நொடிந்துவிடாதிருத்தலும் இதன் நோக்கங்கள்.

இவ்வரம்பினுள் நின்று, வீழ்ந்த அணியை நிமிர்த்துவது எவ்வாறு? சென்னை நமக்குப் பாடம் சொல்கிறது. ‘சென்னையின் எப்.சி.’ 2015 இலும் 2018 இலும் வாகை சூடிய கழகம். அடுத்த பருவத்திலேயே, 18 ஆட்டங்களில் 2 வெற்றியும் 13 தோல்வியுமாக, பத்து அணிகளுள் பத்தாவதாயிற்று. அதே 2018–19 இல், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எப்.சி. ஐ-லீக் போட்டியில் முதலிடம் பெற்றது. போட்டிகள் வேறாயினும், பணப்பையின் கனம் ஒன்றே வெற்றியைத் தராது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2019 இல் ‘சென்னையின்’ கழகம் தன்னைத் திருத்தத் தொடங்கியது. சென்னை சிட்டியின் வெற்றிக்கு உழைத்த தமிழ்நாட்டு வீரர் எட்வின் சிட்னி வான்ஸ்போலை அழைத்துக்கொண்டது. லிதுவேனிய வீரர் வால்ஸ்கிஸும் பிரேசில் வீரர் கிரிவெல்லாரோவும் சேர்ந்தனர். தொடக்கம் தடுமாறவே, திசெம்பரில் ஓவன் கோய்ல் பயிற்றுநரானார். வால்ஸ்கிஸ் 15 கோல்கள் போட்டார். கடைசியில் கிடந்த அணி, 2020 மார்ச்சில் இறுதியாட்டம் வரை சென்று, ஏ.ரி.கே. அணியிடம் 3–1 என்றே தோற்றது.

வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்தே ‘தெரிந்துவினையாடல்’ அதிகாரத்தை வைத்தார். ஆளைத் தேர்தல் ஒன்று; தேர்ந்தவனுக்கு ஏற்ற வினையை ஒப்படைத்தல் மற்றொன்று. பணம் அளவுபட்ட இடத்தில் இவ்விரண்டுமே முதல்.

ஆயின் கதை அவ்வளவில் முடியவில்லை. அடுத்த பருவத்திற்குக் கோய்லும் வால்ஸ்கிஸும் ஜம்ஷெட்பூர் சென்றனர். சென்னை அணி எட்டாமிடத்திற்கு இறங்கி, தொடர்ந்து மூன்று பருவங்கள் அங்கேயே நின்றது. இதன் காரணம் தேயிலைத் தோட்டத்தார்க்குச் சொல்லாமலே விளங்கும். கவ்வாத்து வெட்டிய செடி மீண்டும் துளிர்க்கும். பட்டுப்போன செடியின் இடத்தை நிரப்புவதற்கோ தவறணையில் நாற்று வேண்டும். 2016 இல் பதினெட்டு வயதில் வந்த அனிருத் தாபா அக்கழகத்திலேயே வளர்ந்து தலைவரானார். அத்தகையோர் பலர் இருந்திருப்பின், இருவர் பிரிவால் அணி சாய்ந்திராது.

மேல்வரம்பைப் புகழ்வோர் மறப்பதும் ஒன்றுண்டு. 2025 இல் அந்த லீக்கை நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையால் போட்டியே தடைப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எப்.சி.யும் சென்னையின் எப்.சி.யும் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தன. மேல்வரம்பு வீரன் வீட்டு அடுப்பை எரிக்கவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட லீக் 1984–85 இல் மேல்வரம்பை நடைமுறைப்படுத்தியபோது, வருவாயில் 53 வீதம் வீரருக்குரியது என்பதும் வீரர் சங்கத்தோடு செய்த உடன்படிக்கையில் இடம்பெற்றது. கூரை வேய்வோர் தரையையும் இடவேண்டும் அன்றோ?

இவற்றையெல்லாம் கேட்ட மாணவன், “இந்தப் பரீட்சை முடிந்ததும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறேன், ஐயா” என்றான். அவனை நான் குறை கூறேன். வீட்டில் ஒரு கூலி, உண்பவர் ஐவர். ஆண்டுதோறும் இவ்வாறு நல்ல கால்கள் சில எம் வகுப்பிலிருந்து மலையிறங்கிப் போகின்றன. இங்கே மேல்வரம்பு கட்டுதற்குரிய பணமும் இல்லை, தவறணையும் இல்லை. பெருங்கழகம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. மைதானமுள்ள தோட்டந்தோறும் பயிற்றுநர் ஒருவரும், பள்ளிப் பருவத்து வீரனுக்கு மாதந்தவறாத சிறு உதவிப்பணமும் போதும். தோட்டக் கம்பனிகளும் சங்கங்களும் பாடசாலைகளும் கூடினால் இஃது ஆகாத காரியமன்று. நாற்று நடாதார் கொழுந்துக்குக் கூடை எடுப்பதில் பயனில்லை.