பொங்கல் லீவு டூருக்காக 7 சீட்டர் வாங்கலாமா? ஒரு ஊட்டி கணக்கு

7 சீட்டர் கார் லோன் பத்தி சேனல்ல வீடியோ போட்டதுல இருந்து ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. வீடியோல நம்பர் மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. யாருக்காக அந்தக் கணக்கைப் போட்டேனோ, அவன் கதையைச் சொல்லலை. அவன்கிட்ட கேட்டுட்டுதான் இங்க எழுதுறேன்.

நல்லவாட்டுல இருக்கிற என் சித்தி பையன். வயசு 27. சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில வேலை, பிடித்தம் போக கைக்கு வர்றது 38,000. காலையில தவளக்குப்பத்துல கம்பெனி பஸ் ஏறினா சாயங்காலம் அதே பஸ்ல வந்து இறங்குவான். சித்தப்பா தேங்காய்த்திட்டு துறைமுகத்துல விசைப்படகுக்குப் போறவர். போன டிசம்பர் கடைசியில குடும்பமா ஊட்டி போனாங்க. சித்தப்பா, சித்தி, தம்பி, அவன் அக்கா, மச்சான், ரெண்டு பசங்க, மொத்தம் ஏழு பேர். நாலு நாள், கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். வாடகை, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 24,000 ஆச்சு.

அந்த 24,000 அவனைத் தூங்க விடலை. "அண்ணே, அவ்வளவு காசைத் தூக்கி அடுத்தவன்கிட்ட குடுத்துட்டு வந்தோம். அதுல ஒன்றரை மாச டியூ கட்டியிருக்கலாம். வண்டியாவது நம்மளுதா இருக்கும்"னான். கூடவே ஒண்ணு சொன்னான், அதுதான் உண்மையான காரணம்: "அம்மாவுக்கு ஒரு தடவையாவது நம்ம வண்டியில மலைக்குப் போகணும்னு ஆசைண்ணே."

இந்த ஆசையை நான் கிண்டல் பண்ண மாட்டேன். வாசல்ல சொந்த வண்டி நிக்கிறது நம்ம ஊர்ல சின்ன விஷயம் இல்லை. வெளிநாட்டுக்காரங்க வண்டிக்குள்ளயே கட்டில், அடுப்பு எல்லாம் வெச்சு பனியில ஊர் சுத்துற வீடியோ பார்த்து நானே ஏங்கியிருக்கேன். பக்கத்துல கேரளாவுல 2021-ல கேரவன் டூரிசத்துக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்தாங்க. ஆனா சம்பளக்காரன் வீட்டுக் குளிர்காலப் பயணம்னா அரையாண்டு லீவும் பொங்கல் லீவும்தான். அதுக்கு வண்டின்னா 7 சீட்டர். அதனால அதையே பேசுவோம்.

அவன் பார்த்த வண்டி ஆன்ரோடு 12 லட்சம். கையில இருந்து 2 லட்சம், மீதி 10 லட்சம் லோன். 9 சதவீத வட்டி, 7 வருஷம்னா மாச டியூ 16,089. வருஷத்துக்கு 1,93,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர்னு வருஷத்துக்கு 40,000 வெச்சுக்குவோம். முன்பணம் 2 லட்சத்தை ஏழு வருஷத்துக்குப் பிரிச்சா 28,500. மொத்தம் 2,61,500. "கடைசியில வண்டி கையில இருக்குமே"ன்னு கேப்பீங்க. ஏழு வருஷம் கழிச்சு 4 லட்சத்துக்குப் போகுதுன்னே வெச்சு, வருஷத்துக்கு 57,000 கழிச்சுடுவோம். அப்பவும் 2,04,500 நிக்குது.

சொந்த வண்டியில போனாலும் ஊட்டி சும்மா வராது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்னு போட்டா 6,700. டோலோட 7,500. அப்போ வாடகை வண்டியை விட ஒரு டிரிப்புக்கு மிச்சம் 16,500. 2,04,500-ஐ இதால வகுத்தா 12.4. மாசம் ஒரு தடவை ஊட்டி போனாதான் கணக்கு ஏறக்குறைய சரியா வரும். தம்பி வருஷத்துக்கு ஒரு தடவை போறான். வேளாங்கண்ணி, திருவண்ணாமலை, ரெண்டு கல்யாணம் எல்லாம் சேர்த்தாலும் வண்டி ஓடப்போறது பதினஞ்சு நாள். மத்த 350 நாள் கடற்கரையில இருந்து கூப்பிடு தூரத்துல உப்புக்காத்து வாங்கிக்கிட்டு நிக்கும். நம்ம ஊர்ல கேட்டு, ஜன்னல் கம்பி என்ன ஆகுதுன்னு தெரியும்தானே? ஓடாத வண்டியோட அடிப்பாகத்துக்கும் அதே கதிதான்.

ஆனா எனக்குப் பயம் அந்த 12.4 இல்லை. அந்த 2 லட்சம்.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அரசு நிவாரணம் வரும், ஆனா அதை வெச்சு ரெண்டு மாசம் குடும்பம் ஓடாது. அதே மாதிரி நவம்பர், டிசம்பர்ல புயல் எச்சரிக்கைன்னா படகு கரையிலதான். இந்த நாள்கள்ல வீடு ஓடுறது தம்பி சம்பளத்துல, பத்தாததுக்கு அந்த 2 லட்சத்துல. பேங்க்காரங்க சம்பள ஸ்லிப்பைப் பார்த்து லோன் குடுப்பாங்க, 38,000-ல 16,089 தாங்கும்னு சொல்லிடுவாங்க. அவங்களுக்குத் தடைக்காலம் தெரியாது. அவனுக்குத் தெரியும். நாலு வருஷம் ஒழுங்கா கட்டி முடிச்சு, அப்புறம் வேலை போச்சுன்னா? அப்பவும் அசல் பாக்கி 5 லட்சத்துக்கு மேல இருக்கும். கட்டினதோ 7.7 லட்சம்.

"மத்த நாள்ல தெரிஞ்சவங்களுக்கு வாடகைக்கு விட்டுடலாம்ணே"ன்னான். தயவுசெஞ்சு இதை மட்டும் பண்ணாதீங்க. ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு விடுறது சட்டப்படி தப்பு. ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். உள்ளே ஏழு பேரை வெச்சுக்கிட்டு இந்த ரிஸ்க் யாருக்கும் வேண்டாம்.

ஜிஎஸ்டி குறைஞ்சுதே? குறைஞ்சுது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து, நாலு மீட்டருக்குள்ள, 1,200 சிசிக்குள்ள இருக்கிற பெட்ரோல் வண்டிக்கு 18 சதவீதம். அதுக்கு மேல போனா 40. ட்ரைபர் முதல் வகையில வரும், எர்டிகா ரெண்டாவதுல. அதனால ட்ரைபர் சீப்பா தெரியும். ஆனா பின் டிக்கியைத் திறந்து பாருங்க. மூணாவது சீட்டைப் போட்டா ட்ரைபர்ல மிஞ்சுறது 84 லிட்டர் இடம், எர்டிகாவுல 209. ஊட்டி குளிருக்கு ஏழு பேரோட ஸ்வெட்டர், கம்பளி, பசங்க பை, சித்தியோட புளிசாதத் தூக்கு எங்க போகும்? மேல கேரியர் கட்டணும், இல்லைன்னா மடியில வெச்சுக்கணும். 7 சீட்டர்னு சொல்றதெல்லாம் ஏழு பேர் டூர் போற வண்டி இல்லை. ஏழு பேர் கோயிலுக்குப் போயிட்டு வர்ற வண்டி.

இன்னொரு விஷயம், இது புதுச்சேரிக்காரங்களுக்கு. நம்மகிட்ட ரோடு டாக்ஸ் கம்மின்னு சந்தோஷமா பிஒய் நம்பர் வாங்குறோம். நாளைக்கு வேலை சென்னைக்கு மாறி, வண்டியும் கூடப் போய் 12 மாசத்துக்கு மேல அங்க இருந்தா, பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாத்தி அங்க வரி கட்டணும். 25 வயசுல வேலை எந்த ஊருக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்?

அப்போ நான் சொல்றது என்ன? மாசம் 4,000 ஒரு ஆர்டியில போடுங்க. வருஷத்துக்கு 48,000 சேரும். ஊட்டியும் போகலாம், ஏற்காடும் போகலாம். வாடகை வண்டி பேசும்போது மஞ்சள் போர்டான்னு பாருங்க. முள்ளோடை தாண்டினாலும் மதகடிப்பட்டு தாண்டினாலும் தமிழ்நாடு, அதனால பெர்மிட் யார் பொறுப்புன்னு முதல்லயே கேளுங்க. ஒரு நாளைக்குக் குறைஞ்சபட்சம் எத்தனை கிலோமீட்டர், மலைக்குத் தனி சார்ஜ் உண்டா, டிரைவர் எங்க தூங்குவார், எல்லாத்தையும் பேசிக்குங்க. டிரைவர் தூக்கம் ரொம்ப முக்கியம். மார்கழி விடியக்காலையில ஹைவேயில பனி இறங்கும்போது முன்னாடி போற லாரி தெரியாது. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா ஸ்டியரிங் பிடிக்கிற ஐடி நண்பர்களுக்கும் இதேதான். 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேணும், கிளம்புறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்குங்க.

வீட்டுல வயசானவங்க இருக்காங்க, மாசத்துக்கு நாலு தடவை ஆஸ்பத்திரி போறோம், வண்டி நிஜமாவே ஓடும்னா வாங்குங்க, நான் தடுக்கலை. அஞ்சாறு வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் பாருங்க, லோனை மூணு வருஷத்துல முடிங்க. ஆனா நம்ம ஏரியா வண்டின்னா ஒரு சோதனை கட்டாயம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழை. எத்தனை வண்டி தண்ணியில நின்னுச்சுன்னு பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, நுனியில சேறு கறை இருக்கும். ஸ்டெப்னி வைக்கிற குழியில கை விட்டுப் பாருங்க. அடியில துரு இருக்கான்னு ஜாக்கியில தூக்கச் சொல்லுங்க. வாங்கின பிறகு இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனும் எடுங்க. தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா சாதாரண பாலிசியில பெரும்பாலும் காசு வராது.

தம்பிகிட்ட இதெல்லாம் சொன்னப்போ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். ரெண்டு நாள் பேசலை. கடைசியா, "ஷோரூமுக்கு ஏழு பேரையும் கூட்டிட்டுப் போ, எல்லாரும் ஏறி உக்காந்து பார்த்துட்டு வந்து முடிவு பண்ணு"ன்னேன். ஞாயித்துக்கிழமை போனாங்க. சித்தப்பா கெத்தா மூணாவது சீட்டுல போய் உக்காந்துட்டார். முட்டி முன் சீட்டுல இடிச்சுதாம், இறங்குறப்போ மச்சானும் தம்பியும் கை குடுக்க வேண்டியதா போச்சு. வெளிய வந்து வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டே, "போன வருஷம் வந்த டிரைவர் தம்பி நம்பர் வெச்சிருக்கியாடா?"ன்னு கேட்டிருக்கார்.

பொங்கல் லீவுக்கு அட்வான்ஸ் 2,000 குடுத்துட்டாங்க. இந்தத் தடவை ஏற்காடு. சித்தி மட்டும் இன்னும் முழுசா சமாதானம் ஆகலை.