தெப்பத்துக்கு ஒலிபெருக்கி அனுப்பும் அன்பர்களுக்கு

ஊர்த் திருவிழா நெருங்கினால் மர்பி டவுனில் வசூல் நோட்டு வீடு வீடாக ஏறி இறங்கும். பிழைக்க வந்த ஊர் பெங்களூர். ஆனால் குலதெய்வம் வேலூர்ப் பக்கமோ தருமபுரிப் பக்கமோதானே இருக்கிறது! பெங்களூர்க்காரர் உபயம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதில் கேட்க வேண்டும் என்பது நம்மவர் ஆசை. ஆகவே எஸ்.பி. ரோட்டில் பெரிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கிப் பஸ் மேல் ஏற்றி அனுப்புகிறோம். அங்கே அதைத் தெப்பத்தின் மேல் வைத்துக் கட்டுகிறார்கள். கரையிலிருந்து ஒரு ஒயர் இழுக்கிறார்கள்.

அந்த ஒயரைப் பற்றித்தான் எனக்கு ஆட்சேபணை.

ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பது என் தொழில். (மர்பி என்றதும் பழைய ரேடியோ கம்பெனியின் பெயர் என்று எண்ணுவோர் இன்னும் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாக்ஸ்பேட்டை என்று இருந்த பகுதிக்குக் கண்டோன்மென்ட் காலத்து எஞ்சினியர் மர்பியின் பெயரை வைத்தார்கள். ரேடியோ ரிப்பேர்க்காரன் இங்கே குடியிருப்பது தற்செயல்.)

வீட்டில் 230 வோல்ட்டில் கை பட்டால் உதறிக்கொண்டு தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கையாவது உண்டு. குளத்தில் அதுவும் இல்லை. குளத்து நீர் மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும். உப்பு கலந்த மனித உடம்பு அதைவிட நன்றாகக் கடத்தும். தோல் உரிந்த ஒயர் நீரில் கிடந்தால், பக்கத்தில் நீந்துகிறவன் உடம்பையே மின்சாரம் வழியாக்கிக்கொள்ளும். 10 மில்லியாம்பியர் அளவிலேயே தசை பிடித்துக்கொண்டு கைகால் அசையாது. ஷாக்கில் சாகாதவன் மூழ்கிச் சாவான். தெப்பத்தைத் தள்ள நீரில் இறங்கும் வாலிபர்களையும், படிக்கட்டில் கால் நனைக்கும் குழந்தைகளையும் நினைத்துப் பாருங்கள்.

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அது தேர், இது தெப்பம் என்று சொல்லலாம். அங்கே மின்சாரம் தலைக்கு மேல் இருந்தது. இங்கே நாமே காலடியில் இழுத்து வைக்கிறோம்.

சிலர் ஜெனரேட்டரைத் தெப்பத்திலேயே ஏற்றிவிடலாம் என்கிறார்கள். அதுவும் 230 வோல்ட்தான். கூடவே பெட்ரோல், பக்கத்திலே தீபாராதனை! இன்வெர்ட்டர் வைத்தாலும் அதே 230தான்.

12 வோல்ட்டே என் கட்சி. கோயில்களில் பயன்படும் பல ஆம்ப்ளிஃபையர்களின் முதுகுப்புறம் பேட்டரி முனைகள் இருக்கின்றன. யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. 100 வாட் ஆம்ப்ளிஃபையர் முழு வேகத்தில் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். பாட்டு எப்போதும் முழு வேகத்தில் போவதில்லை. சராசரி 6 என்று வையுங்கள். நான்கு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி. பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும்.

"பேட்டரியில் போட்டோம், கரகரவென்று இரைகிறது" என்று குறை சொல்வார்கள். குற்றம் பேட்டரியில் இல்லை, ஒயரில். ஐந்து மீட்டர் தள்ளி வைத்து, வீட்டு விளக்குக்குப் போடும் 1 சதுர மி.மீ. ஒயரை இழுத்தால், போக வரப் பத்து மீட்டரில் இரண்டரை வோல்ட் காணாமல் போகும். ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்பதரைதான் கிடைக்கும். அது கரகரக்காமல் என்ன செய்யும்? 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியானால் ஈரத்தில் பச்சை பூக்காது.

ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியைத் தொடவே கூடாது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிஃபையரை அல்ல, ஒயரை. ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், ஒயர் பழுக்கும், ஜரிகைத் துணியும் தெர்மாகோலும் பற்றிக்கொள்ளும். நடுக்குளத்தில் எங்கே ஓடுவது? பேட்டரியைத் தெப்பத்தின் பின்மூலையில், காற்றாட, அசையாமல் கட்டுங்கள். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் ஹைட்ரஜன் வாயுவுக்குக் கற்பூர ஆரத்தி ஆகாது.

இன்னொன்றும் உண்டு. ஒலிபெருக்கிக் குழாய்களுக்கு 100 வோல்ட் லைனில் இணைப்புக் கொடுப்பது சவுண்டு சர்வீஸ்காரர் வழக்கம். முழுச் சத்தத்தில் அந்த ஒயரிலும் 100 வோல்ட் வரை ஓடும். தெப்பத்தில் 8 ஓம் முனையில் கொடுங்கள். 100 வாட்டுக்கு 28 வோல்ட்டோடு போகும்.

எஞ்சின் படகானால், கீச்சென்று ஓர் இரைச்சல் எஞ்சினோடு ஏறி இறங்கும். நெகட்டிவ் ஒயரைப் படகின் இரும்பில் முடிந்துவிடாமல் பேட்டரி வரைக்கும் கொண்டுபோனால் அது பெரும்பாலும் அடங்கும்.

100 வாட் போதுமா என்று கேட்பவர்கள் அதிகாலையில் நம் அல்சூர் ஏரிக்கரையில் நடந்து பார்க்கட்டும். தூரத்துப் பேச்சும் தெளிவாகக் காதில் விழும். நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, மேலே போகும் ஒலி வளைந்து கீழே திரும்புகிறது. தெப்பம் மிதப்பதும் இரவில்தான். ஆயிரம் வாட் வைத்தால் நாதசுரம் அமுங்கிவிடும். ஸ்டீரியோவும் வீண் செலவு. நான்கு கரையிலும் நிற்கிறவர்களுக்கு இடது எது, வலது எது?

ஆகவே நூறு ரூபாய் வசூலானால் முப்பது ரூபாயை ஒயருக்கும் ஃப்யூஸுக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் ஒதுக்குங்கள். டியூப் லைட்டில்கூடப் பெயர் எழுதும் நமக்கு, ஃப்யூஸில் உபயதாரர் பெயர் எழுத இடமில்லை என்பதுதான் சங்கடம்!

என் பங்குக்கு, தெப்பத்துக்கென்று என்னிடம் வரும் செட்டுகளில் மெயின்ஸ் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்கிறேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். மறுநாள் கோயிலில் வைத்துப் போட ஒயர் வேண்டுமே என்றார். அதைத் தனியாகச் சுருட்டிக் குருக்கள் ஐயாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.