வேப்பம் பிண்ணாக்கும் மண்ணுயிரும்

படப்பை ஏரிப் பாசன வயல்களில் இடும் யூரியா முழுவதும் பயிருக்குச் சேருவதில்லை என்பதை நம் அங்கத்தினர் அறிவர். மண்ணில் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகிறது. ஐப்பசி மழையில் நீர் தேங்கிக் காற்றுப் புகாதபோது, மற்றொரு வகை அந்த நைட்ரேட்டை வாயுவாக்கிப் போக்கிவிடுகிறது. வேம்பின் கசப்புப் பொருள்களோ முதல் வகையின் வேகத்தைத் தணிக்கின்றன. இதைக் கருதியே 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாயிற்று. பூச்சே போதும் என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. அது மண்ணுக்கு உணவாவதில்லை, பிண்ணாக்கு ஆகும். ஆனி, ஆடியில் தெருவோரம் மிதிபடும் வேப்பங்கொட்டையைச் சங்கமே விலைக்கு வாங்கி (நெசவாளர் வீட்டு வாசல் வேம்பும் இதில் சேரும்), செக்கில் ஆட்டி, எண்ணெயை விற்று, பிண்ணாக்கை நடவுக்கு முன் அங்கத்தினருக்கு அளித்தல் வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இது தீர்மானமாக வரட்டும்.