கற்கும் நாளுக்கும் கூலி வேண்டும்

கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். நனைத்த இலையை அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கிக் கட்டுக்கட்டாக அடுக்குகிறார்கள். பீடிக்கடைக்குக் கொண்டுபோனால் சரியில்லாததைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கணக்கு எழுதுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. ஒருநாள் சுற்றாவிட்டால் அன்றைக்கு வருமானம் கிடையாது. குழுக்கடன் தவணை மட்டும் தவறாமல் வந்துவிடும்.

இந்தப் பெண்களிடம்தான் மூன்று மாத இலவசப் பயிற்சிக்கு வாருங்கள் என்கிறோம். கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த மூன்று மாதக் கூலியை யார் தருவது? திறன் பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு, பயிற்சிக்கு வருகிறவர் இழக்கும் கூலிக்கு ஈடாகப் போக வேண்டும். தென்காசி மாவட்டத்தில் இதை உடனே தொடங்க வேண்டும்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. நாடு முழுவதும் ஆயிரம் தொழிற்பயிற்சி நிலையங்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் வேலையைக் கையில் எடுத்தது. இயந்திரங்கள் வரட்டும், அவை தேவை. ஆனால் அந்த இயந்திரத்தின் முன் நிற்கும் மாணவருக்கு அரசு ஐடிஐயில் மாத உதவித்தொகை 750 ரூபாய், அதாவது நாளுக்கு 25 ரூபாய். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் ஆயிரம் ரூபாயையும் சேர்த்தாலும் நாளுக்கு 60 ரூபாயைத் தொடாது. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கான ஒருநாள் கூலியோ 336 ரூபாய். அந்த ஆயிரமும் பள்ளி முடித்து நேராகப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குத்தான். முப்பத்தைந்து வயதில் பீடியை விட்டுவிட நினைக்கும் தாய் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

கூலி கொடுத்துப் பயிற்சி தருவது புதிய யோசனையும் இல்லை. பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் தருகிறார்கள். அது 18 கைத்தொழில்களுக்கு மட்டும். பீடி அதில் இல்லை. குலத்தொழிலைக் கெட்டிப்படுத்தும் என்று சொல்லித் தமிழ்நாடு அத்திட்டத்தில் சேரவில்லை. அந்த ஆட்சேபம் நியாயமானது. ஆனால் கற்கும் நாளுக்குக் கூலி என்ற நல்ல அம்சத்தையும் அதோடு தள்ளிவிட்டோம். மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தையும் பார்க்கலாம். அந்நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் கட்டணம் கிடையாது, படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. கல்லூரி வாசல் மிதிக்காத பிள்ளைகள் மென்பொருள் எழுதும் வேலைக்குப் போக அதுவும் ஒரு காரணம். தனியார் நிறுவனம் தனக்கு வேண்டிய சிலரைத் தேர்ந்தெடுத்து இதைச் செய்கிறது. மாவட்டம் முழுவதற்கும் செய்ய அரசால்தான் முடியும்.

பணம் உரியவருக்குப் போய்ச் சேருமா என்ற சந்தேகம் நியாயமானதே. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 95 லட்சத்துக்கு மேற்பட்ட பயிற்சியாளர் பதிவுகளில் 94 சதவீதத்தில் வங்கிக் கணக்கு விவரம் காலியாகவோ பூஜ்யமாகவோ கிடந்தது என்கிறது அது. பயிற்சி பெறுகிறவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும். வாராவாரம் கூலி கணக்கில் ஏற வேண்டும் என்று வையுங்கள். வராத கூலியை அந்தப் பெண்களே கேட்பார்கள். பயிற்சி நிறுவனத்துக்கான கட்டணத்திலும் ஒரு பகுதியை, பயின்றவர் ஓராண்டு வேலையில் நிலைத்த பிறகே தர வேண்டும்.

எதில் பயிற்சி என்பதையும் ஊரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரானூரில் மர அறுவை மில்கள் இருக்கின்றன, சங்கரன்கோவிலில் விசைத்தறி, புளியங்குடியில் எலுமிச்சை. குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். அந்த மூன்று மாதமும் விடுதியிலும் கடையிலும் நாலு காசு பார்க்கிற நேரத்தில் வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்? 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அருவிக்கரையில் நிற்க, தண்ணீரின் போக்கு அறிந்த உள்ளூர் இளைஞர்களுக்கு மீட்பு, முதலுதவிப் பயிற்சி கொடுத்துச் சம்பளத்தோடு அமர்த்தலாம்.

பீடிப் பெண்களுக்குக் கற்கும் நாளுக்கான கூலி சலுகையாகாது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார அமைப்பின் உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. புகையிலைத் தொழிலாளருக்கு மாற்றுப் பிழைப்பு கிடைக்க உதவ வேண்டும் என்று அதன் 17ஆவது பிரிவு சொல்கிறது. பீடித் தொழிலாளர் நல நிதிக்கு வருவாய் தந்த தீர்வையோ 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நீக்கப்பட்டது. புகைக்கு எதிராகச் சட்டம் போடும் அரசு, புகையிலைத் தூளைச் சுவாசித்தே காலம் தள்ளியவர்களை நடுத்தெருவில் விட்டுவிட முடியாது.

மாநில அரசு வரும் பட்ஜெட்டில் இழப்பூதியம் என்று தனித் தலைப்பு வைத்து, நூறுநாள் வேலைக் கூலிக்குக் குறையாத தொகையைப் பயிற்சி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கட்டும். மத்திய அரசு 60,000 கோடித் திட்டத்திலிருந்து அதற்குப் பங்கு தரட்டும். முதல் வகுப்பு கடையத்திலோ ஆலங்குளத்திலோ, பெண்கள் நடந்தே வரக்கூடிய தூரத்தில், சீசன் முடிந்த செப்டம்பரில் தொடங்கட்டும்.