சைக்கிளுக்கும் சாலையில் இடம் உண்டு

கொல்கத்தா நகரில் 174 சாலைகளில் சைக்கிள் செல்லக்கூடாது என்று போலீசார் 2013-ம் ஆண்டு தடை விதித்தனர். நெரிசலைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்றனர். ஆனால், ஒரு கார் அடைக்கும் இடத்தில் பல சைக்கிள்கள் செல்லலாமே! பால்காரரும், பத்திரிகை போடுபவரும், பஸ் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் தொழிலாளியும்தான் இத்தடையால் அவதிப்பட்டனர்.

2020-ல் கொரோனாவினால் பஸ்களும் ரயில்களும் முடங்கியபோது, அதே போலீசார் சில சாலைகளில் தடையைத் தளர்த்தினர். ஆபத்துக்கு உதவிய வாகனம், மற்ற நாட்களில் மட்டும் இடையூறாகிவிடுமா?

இரவில் விளக்குடன், சாலையின் இடப்புறமாகச் செல்வது சைக்கிளில் செல்வோரின் கடமை. போதிய இடைவெளி விட்டு ஓட்டுவது டிரைவர்களின் கடமை. இரு தரப்பினரையும் சமமாக நடத்துவது போலீசாரின் கடமை. தடைக்குப் பதிலாகத் தனிப்பாதை அமைப்பதே நியாயமாகும்.