ஒரு சுற்றும் முழு நடையே

பௌர்ணமி நெருங்கும்போதெல்லாம் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி பலரிடமிருந்து எழுகிறது: "இந்த மாதம் கிரிவலம் போகலாமா, ஐயா?" ஆரணியிலிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மாலையில் பேருந்தேறி, இரவில் மலையைச் சுற்றிவிட்டு, விடியலில் தறிக்குத் திரும்புவது இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். கேட்பவர்களில் ஒருவர் இரண்டு மாதங்களுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர். இன்னொருவர் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்பவர். மற்றொருவருக்குக் குழித்தறியில் அமர்ந்து அமர்ந்து முழங்கால் வலி. "இப்போது வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னதும் அவர்கள் முகம் வாடிவிடுகிறது.

அந்த வாட்டத்தை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வேண்டாம்" என்ற சொல்லை அவர்கள் "இனி உன்னால் முடியாது" என்று கேட்டுக்கொள்கிறார்கள். அதன்பின் சிலர் எதுவும் நடப்பதில்லை. வேறு சிலர் எவரிடமும் சொல்லாமல் முழுத் தொலைவையும் நடக்கப் போய்விடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அந்த வழி சுற்றுப்பாதை என்பதே எங்கள் கருத்து.

ஓட்டப் போட்டி என்றவுடன் மாரத்தான்தான் நினைவுக்கு வரும்: 42.195 கிலோமீட்டர், ஒரு தொடக்கம், ஒரு முடிவு, நடுவில் நின்றுவிட்டால் தோல்வி. ஆயினும் உலகின் பல இடங்களில் வேறு வகையான ஓட்டங்களும் நடைபெறுகின்றன. மலையடிவாரத்திலோ காட்டோரத்திலோ சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மண்பாதை வட்டமாக அமைக்கப்படுகிறது. ஒரு சுற்று வந்தால் ஒரு தொலைவு, இரண்டு சுற்று வந்தால் இன்னொரு தொலைவு. ஒருவர் ஐந்து கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வார். மற்றொருவர் ஐம்பதைத் தொடுவார். தொடங்கும் இடமும் முடியும் இடமும் எல்லோருக்கும் ஒன்றே. ஓடலாம், நடக்கலாம், இடையில் அமர்ந்து உண்ணலாம். அவசரப்படுத்துவார் எவருமில்லை.

சுற்று என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்று எவரும் எண்ண வேண்டாம். 2022 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஆசிய ஓசியானிய 24 மணி நேர ஓட்டப் போட்டி நடைபெற்றது. 400 மீட்டர் தடத்தையே பகலும் இரவும் சுற்றிய வீரர்களில் இந்திய ஆடவர் அணி தங்கம் வென்றது. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், வங்காளத்தில் பிறந்த ஸ்ரீ சின்மயின் வழிவந்தோர் நடத்தும் 3,100 மைல் ஓட்டம் முழுவதும் 883 மீட்டர் நீளமுள்ள ஒரே தெருச்சுற்றில் நிகழ்கிறது. 52 நாட்களுக்குள் 5,649 முறை சுற்ற வேண்டும். சிறு சுற்றுகளைச் சேர்த்தே மிகப் பெரிய தொலைவும் கடக்கப்படுகிறது. இழை இழையாகச் சேலை வளர்வதைப் பார்த்து வாழும் நம் ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மருத்துவமனைக்குள்ளேயே இத்தகைய ஒரு பாதை உண்டு என்பதை நோயாளிகள் பலர் அறிவர். ஆறு நிமிட நடைச் சோதனைதான் அது. 30 மீட்டர் நீளமுள்ள நடைகூடத்தில் இரு முனைகளிலும் கூம்புகளை வைத்து, நோயாளியை இங்குமங்கும் நடக்கச் சொல்வோம். இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்குகின்றன என்பது, அவர் ஆறு நிமிடத்தில் கடந்த தொலைவிலிருந்து தெரியும். இச்சோதனையின் விதிகள் சிந்திக்கத்தக்கவை. வேகத்தை நோயாளியே தீர்மானிக்கிறார். மூச்சு வாங்கினால் நிற்கலாம், சுவரில் சாய்ந்து இளைப்பாறலாம், இயன்றதும் மீண்டும் நடக்கலாம். சோதனை செய்பவர் அவருடன் சேர்ந்து நடக்கக் கூடாது. நடந்தால் நோயாளி தம் வேகத்தை விட்டு, பக்கத்தில் வருபவரின் வேகத்துக்கு மாறிவிடுவார். வீட்டில் உடன் நடக்கும் மகனும் மகளும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி கிரிவலத்துக்கு வருவோம். அருணாசல மலையைச் சுற்றும் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். அதுவும் சுற்றுப்பாதைதான். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் மெல்ல நடக்க வேண்டும் என்பது மரபு. எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் அமைந்திருப்பதால் நின்று நின்று செல்வதும் இயல்பாகிறது. வேகத்தைப் பொறுத்தவரை மரபும் மருத்துவமும் ஒரே பக்கம் நிற்கின்றன. எனினும் நோயாளிக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. அது ஒரே பெரிய சுற்று. ஏழாவது கிலோமீட்டரில் ஒருவருக்கு உடல் தளர்ந்தால், முன்னே போனாலும் பின்னே திரும்பினாலும் இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கிறது. பௌர்ணமி இரவில் கூட்டத்தின் பொருட்டு வாகனங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. நினைத்த இடத்தில் ஆட்டோ கிடைக்காது.

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு முதிய நெசவாளர் அந்நிலையை நேரில் அறிந்தவர். பாதித் தொலைவில் மார்பு இறுக்கமாக இருந்ததை மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படி நிற்பது?" என்ற வெட்கமே காரணம். நல்வேளையாக உயிருக்கு ஆபத்து நேரவில்லை. பின்னர் அவர் மனைவி எங்களிடம் சொன்னது இது: "தண்ணீரும் மாத்திரையும் என் பையில்தான் இருந்தன. கேட்டிருந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பேன்." அவரைத் தடுத்தது வெட்கம் என்றாலும், பாதையின் அமைப்பு அந்த வெட்கத்துக்குத் துணைபோனது.

சிறு சுற்றில் இந்தச் சிக்கல் இல்லை. வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலிலேயே முடியும் 700 மீட்டர் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் வீட்டிலிருந்து 350 மீட்டருக்கு மேல் நீங்கள் விலகியிருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திண்ணை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, உங்கள் முகத்தைப் பார்க்க ஒருவர் இருக்கிறார். ஒரு சுற்றோடு நின்றவர் பாதியில் நின்றவர் அல்லர். ஒரு சுற்றை நிறைவு செய்தவர். நாளொன்றுக்கு மூன்று சுற்று வந்தால் 2.1 கிலோமீட்டர். ஏழு நாட்களில் 14.7 கிலோமீட்டர். வாரத்துக்கு ஒரு கிரிவலத் தொலைவை அவர் தம் தெருவிலேயே நடந்திருப்பார்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாள்பட்ட நோயுள்ளவர்களுக்கும் இது பொருந்தும். எதுவும் செய்யாதிருப்பதைவிடச் சிறிதளவு செய்வது மேல் என்பதையும் அதே வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. மிதமான வேகம் எது என்பதை அறியக் கருவி தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பேச்சே தடைப்பட்டால் வேகம் மிகுதி.

தறியில் கால் மிதித்து நாள் முழுதும் உழைப்பவர் எதற்குத் தனியே நடக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. அவ்வுழைப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் இடுப்பு மடங்கிய நிலையில் ஒரே இடத்தில் அமர்ந்து செய்யும் வேலை அது. உடலின் முழு எடையையும் கால்கள் தாங்கி நடப்பதால் இதயத்துக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் பயன் அதில் கிடைப்பதில்லை.

சுற்றுப்பாதைக்கும் ஓர் ஏமாற்று உண்டு என்பதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லாசரஸ் லேக் என்று அறியப்படும் கேரி கான்ட்ரெல் 2011இல் ஒரு போட்டியைத் தொடங்கினார். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 6.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே சுற்று. எவரும் எளிதில் நடந்துவிடக்கூடிய தொலைவுபோல் தோன்றும். ஆனால் அடுத்த மணி அடித்ததும் மீண்டும் தொடங்க வேண்டும். இறுதியாக ஒருவர் எஞ்சும்வரை அது ஓயாது. "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்ற எண்ணமே வீரர்களை நாள் கணக்கில் ஓட வைக்கிறது. உடல்நலம் தேறி வருபவருக்கு அவ்வெண்ணம் ஆபத்தானது. ஆதலால் எத்தனை சுற்று என்பதை வாசல்படி இறங்குமுன்பே முடிவு செய்யுங்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றைக்குக் கூட்ட வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு அடுத்த வாரம் கூட்டலாம். குறைக்க மட்டும் எவர் அனுமதியும் தேவையில்லை.

அதே போட்டியில் நாம் கற்கத்தக்க ஒன்றும் உண்டு. சுற்று முடிந்து வரும் வீரருக்காக ஒவ்வொரு கூடாரத்திலும் ஒருவர் காத்திருப்பார். நீர் தருவார், காலைப் பார்ப்பார், முகத்தைப் படிப்பார். துணைவரின் பணி உடன் ஓடுவதன்று. திரும்பி வரும் இடத்தில் இருப்பது. நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உங்களில் பலருக்கு உங்கள் சொந்த முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உண்டு. அவர் ஐந்து சுற்று நடந்தால் நீங்களும் ஐந்து நடக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒன்று நடந்து திண்ணையில் அமருங்கள். இருவர் நடையும் நிறைவானதே. திரும்பி வந்தவரிடம் "அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்க வேண்டாம். அந்த ஒரு சொல்லால் மறுநாள் நடையையே விட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தொடங்குமுன் சில செய்திகள். புதிதாக நடக்கத் தொடங்குபவர், குறிப்பாக இதய நோயாளி, மருத்துவரிடம் தம் சுற்றின் அளவைக் கேட்டறிய வேண்டும். கோடையில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிட வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் தைத்ததும் கொப்புளம் எழுந்ததும் தெரியாது. திரும்பியதும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றினால் அமர்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து அருந்துங்கள். மார்பில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் சுற்றை நிறைவு செய்ய முயலாமல் அங்கேயே அமர்ந்து 108ஐ அழையுங்கள்.

கிரிவலம் போகலாமா என்ற கேள்விக்கு எங்கள் விடை இனி வெறும் "வேண்டாம்" ஆக இராது. "முதலில் உங்கள் தெருவைச் சுற்றுங்கள், எத்தனை சுற்று என்று எழுதி வாருங்கள், அதைப் பார்த்துப் பேசுவோம்" என்போம். சிலர் ஒருநாள் கூட்டமில்லாத ஒரு காலையில், காலணி அணிந்து, துணையுடன் அந்த மலையைச் சுற்றி வருவார்கள். சிலர் தம் தெருவோடு நிற்பார்கள். நாட்காட்டியில் நாள்தோறும் சுற்றுகளைக் கோடிட்டு வைத்து, அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். ஒரே ஒரு கோடு இருந்தாலும் கொண்டு வாருங்கள். அதையும் முழு நடையாகவே நாங்கள் எண்ணுவோம்.