மருத்துவக் காப்பீட்டு அட்டை மட்டும் போதுமா?

விவசாயக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கில் விதை, உரம், பூச்சிமருந்து, உழவுக்கூலி, நடவுக்கூலி எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. வைத்தியச் செலவுக்கு மட்டும் இடம் இல்லை. அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்துவிட்டால் ஆடு மாடு விற்கப்படுகிறது. நகை அடகுக்குப் போகிறது. அதுவும் போதாவிட்டால் நிலத்தின் பேரில் கடன் வாங்கப்படுகிறது. பயிர் பொய்த்தால் ஒரு போகம் நஷ்டம். நோய்க்காக நிலத்தை எழுதிக் கொடுத்தால் பிழைப்பே நஷ்டம்.

இந்த ஆபத்திலிருந்து ஏழைக் குடும்பங்களைக் காக்கவே தமிழகத்தில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தில் வந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் அது இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை என்றாயிற்று. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. இதய அறுவை சிகிச்சையும் புற்றுநோய் சிகிச்சையும் ஏழை விவசாயிக்கு எட்டும் பொருளாயின. இது சிறிய காரியமல்ல.

ஆயினும் அட்டை கையில் இருந்தும் கடன்படும் குடும்பங்கள் இருக்கின்றன. ஏன் என்பதை யோசிக்க வேண்டும்.

பயிர்க் காப்பீடு போலத்தான்

பயிர்க் காப்பீடு செய்த விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். பெரும்பாலும் கிராமம் முழுவதும் சராசரி மகசூல் குறைந்தால்தான் இழப்பீடு கிடைக்கிறது. ஒருவர் வயலில் மட்டும் புகையான் தாக்கிப் பயிர் கருகினால் கிடைப்பதில்லை. மருத்துவ அட்டைக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருக்க வேண்டும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சையாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட சில பரிசோதனைகளும் தொடர் சிகிச்சைகளும் இதில் அடங்கும். ஆனால் காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று தனியார் டாக்டரிடம் போய்வரும் செலவுக்கு அட்டை உதவாது.

இந்தச் சில்லறைச் செலவுதான் கரையான் போல அரிக்கிறது. டாக்டர் பீஸ், பரிசோதனை, மாத்திரை, பஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்து மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12,000 ரூபாய். பத்து ஆண்டில் 1,20,000 ரூபாய். அன்றன்று போகும் கூலி இதில் சேரவில்லை. ஒரே நாளில் வந்த செலவாக இருந்தால் ஊரே பேசும். மாதாமாதம் போவதால் யாரும் கணக்கிடுவதில்லை.

நாடு முழுவதற்குமான அரசுக் கணக்கும் இதையே காட்டுகிறது. மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது 2013-14ல் நூற்றுக்கு 64 ரூபாய். 2021-22ல் அது 39 ரூபாயாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த ஆண்டிலும் 39 ரூபாய் மக்கள் தலையில்தான் விழுந்தது. இதில் மருந்துக்கே பெரும் பங்கு போகிறது.

முதல் காப்பு ஆரம்ப சுகாதார நிலையமே

மடை திறக்கும் முன் வாய்க்காலைச் செப்பனிடுபவரே நல்ல விவசாயி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தொடக்கத்திலேயே கட்டுப்பட்டால், பின்னால் சிறுநீரகம் கெட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு ஓடும் நிலை பலருக்கு வராது. தனியாரிடம் காசு கொடுத்து வாங்கும் இந்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்தது. வரப்பில் பாம்பு கடித்தால் அட்டையைத் தேட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். உடனே போவதுதான் முக்கியம்.

இத்தனை இருந்தும் விவசாயி தனியாரிடம் போவதற்குக் காரணம் உண்டு. காலை வேளையில் வயலில் வேலை. வேலை முடிந்து வரும்போது சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்துவிடுகிறது. மாலையிலும் டாக்டர் இருந்து, பரிசோதனையும் அங்கேயே நடந்தால், பாதிப் பேர் தனியார் வாசலுக்குப் போகமாட்டார்கள். காப்பீட்டுக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிராம சுகாதார நிலையத்தை விட்டுவிட்டுக் காப்பீட்டை மட்டும் வளர்ப்பது, அடியுரம் போடாமல் மேலுரம் தூவுவது போன்றதே.

கூட்டுறவும் கை கொடுக்கலாம்

கர்நாடகத்தில் 2003-ல் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக யஷஸ்வினி என்ற திட்டம் வந்தது. தொடக்கத்தில் தலைக்கு மாதம் 5 ரூபாய்தான் சந்தா. அறுவை சிகிச்சையுடன், டாக்டரைப் பார்ப்பதிலும் பரிசோதனைக் கட்டணத்திலும் உறுப்பினர்களுக்குச் சலுகை கிடைத்தது. 2018-ல் பொதுத் திட்டத்துடன் சேர்த்து நிறுத்தப்பட்ட அதை, விவசாயிகளுக்குத் தேவை என்று கண்டு 2022-23ல் அந்த அரசே மீண்டும் கொண்டுவந்தது. தமிழகத்தின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் உறுப்பினர்களின் வெளிநோயாளிச் செலவுக்கு இப்படியொரு வழி செய்யலாம்.

விவசாயிகள் செய்ய வேண்டியதும் உண்டு. தகுதி உள்ளவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் இப்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும். நோய் வந்த பின் அலைவது, கெடு முடிந்த பின் பயிர்க் காப்பீட்டுக்கு ஓடுவதைப் போன்றது. மருத்துவமனையில் சேரும்போதே அட்டையைக் காட்டி, அந்தச் சிகிச்சை திட்டத்தில் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் அந்தச் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்பது முறையல்ல. எதற்குப் பணம் கொடுத்தாலும் இனவாரியாக ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் புகாரும் இல்லை.

அட்டை பெரிய வெள்ளத்துக்குப் போட்ட கரை. அன்றாடக் கசிவை அடைப்பது கிராமத்துச் சுகாதார நிலையம். இரண்டையும் கேட்டு வாங்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. கிராம சபையில் சாலைக்கும் தெருவிளக்குக்கும் குரல் கொடுப்பவர்கள் மாலை நேர டாக்டருக்கும் குரல் கொடுக்க வேண்டும்.